பத்து விநாடிக்குள் ஒரு சத்தம்

குருவுக்கு வயது இருபது. மூன்றாமாண்டு விலங்கியல். சீடருக்கு ஐம்பத்தாறு. வேதியியல் துறைத் தலைவர். மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், சரியாகத்தான் சொல்கிறேன்.

நான் இதில் யார் என்றால், பெரிதாக யாருமில்லை. நாகர்கோவில் பக்கத்தில் இருக்கும் எங்கள் கல்லூரிக்குச் சொந்தமாக ஒரு வானொலி உண்டு. சுற்றுவட்டாரத்தில் கொஞ்ச தூரம் கேட்கும், மழை பெய்தால் அதுவும் கேட்காது. அதில் வியாழக்கிழமை நாலரை மணிக்கு வாழைக்கு வரும் நோய்களைப் பற்றி நான் பேசுவேன். தாவரவியல் துறை. பேசி முடித்ததும் வீட்டுக்குப் போகலாம். போக மாட்டேன். கல்லூரியில் ஒழுங்காக வேலை செய்யும் ஒரே ஏசி அந்த ஸ்டூடியோவில்தான் இருக்கிறது.

எனக்கு அடுத்து, ஐந்து மணிக்கு, நான் சொன்ன குரு பெர்சிஸின் நிகழ்ச்சி. பெயர் 'எங்கே போகுதோ'. ஒரு மணி நேரமும் ஜாஸ் இசை. கல்லூரி நூலகத்தில் யாரோ விட்டுப்போன ஓர் அட்டைப்பெட்டி நிறைய சி.டி. கிடந்தது. முதலாமாண்டில் அந்தப் பெண் அதைத் திறந்து பார்த்தாள், அன்றிலிருந்து விடவில்லை.

ஜாஸ் என்றால் என்ன என்று கேட்டால் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு மெட்டை எடுத்துக்கொள்வார்கள். கொஞ்ச நேரம் ஒழுங்காக வாசிப்பார்கள். பிறகு ஆளாளுக்கு அந்த நேரத்தில் தோன்றிய பக்கம் கிளம்பிப் போவார்கள். திரும்பி வந்தாலும் வரலாம். எனக்குப் பிடிக்காது. ஏசி பிடிக்கும்.

கதைக்குப் போகும் முன்னால் விழிப்பைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். விழிப்பு என்பது ஓர் இயந்திரம். எங்கள் முதல்வர் அருமைநாயகம் வைத்த பெயர். காலை நிகழ்ச்சி நடத்த வந்த பையன் ஒருவன் ஒருநாள் மைக் முன்னாலேயே தூங்கிவிட்டான். அரை மணி நேரம் வானொலியில் சத்தமே இல்லை. அதற்குப் பிறகு வாங்கி வைத்தது. பத்து விநாடி சேர்ந்தாற்போல் சத்தம் இல்லையென்றால் அதுவாகவே கல்லூரியின் வாழ்த்துப் பாட்டான கல்லூரிப் பண்ணைப் போட்டுவிடும். பண் முடியும்வரை நிறுத்த முடியாது. இயந்திரத்தின் பூட்டுச் சாவி முதல்வர் அறையில்.

கல்லூரிப் பண் எங்கே கேட்டாலும் எழுந்து நிற்க வேண்டும் என்பதும் விதி. கேன்டீனிலும் நூலக வராந்தாவிலும் வானொலிக்கு ஒலிபெருக்கி உண்டு. இப்போது பிரச்சினை விளங்கியிருக்கும். ஜாஸ்காரர்கள் வாசித்துக்கொண்டே வந்து சட்டென்று நிறுத்திவிடுவார்கள். என்ன, ஏது என்று கிடையாது. சும்மா இருப்பார்கள். அதுவும் இசைதான் என்பாள் பெர்சிஸ். விழிப்புக்கு அது தெரியாது. முதல் மாதத்தில் பிள்ளைகள் பரோட்டாவும் கையுமாக எழுந்து நின்ற நாட்கள் கணக்கில்லை.

அதற்கு அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். அதில்தான் சீடர் வந்து மாட்டினார்.

ஒரு வியாழக்கிழமை பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. தாணுமாலயன் சார். சுசீந்திரத்துக்காரர். கையில் ஹெல்மெட்.

"மக்களே, ஒரு சந்தேகம்."

எங்கள் பக்கத்தில் பிரியமுள்ளவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம். ஒருவராக இருந்தாலும் மக்களே.

"சொல்லுங்க சார்."

"எல்லாரும் வாசிச்சு நிறுத்தின பிறகு ஒரு வாத்தியம் மட்டும் தனியா வருதே. கரகரன்னு. வாராவாரம் கேக்கேன். ரொம்ப நுட்பமா இருக்கு. அதுக்குப் பேரு என்ன?"

அந்த நேரம் பார்த்துப் பாட்டில் ஒரு நிறுத்தம் வந்தது. பெர்சிஸ் மேஜைக்கு அடியில் கையை விட்டு ஒரு நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தை எடுத்தாள். மைக்கைத் திறந்து அதன் முன்னால் பிடித்து மெல்லக் கசக்கினாள். விழிப்பு ஏமாந்து பேசாமல் இருந்தது. பாட்டு மறுபடி தொடங்கியதும் மைக்கை அணைத்துவிட்டுப் பொட்டலத்தை அவரிடம் நீட்டினாள்.

சார் பொட்டலத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு சிப்ஸ் எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"உப்பு கொஞ்சம் கூடுதல்" என்றார்.

அன்றைக்கே சீடராகிவிட்டார். வேறு ஆளாக இருந்தால் அவமானப்பட்டு ஓடியிருப்பார். இவர் நாற்காலியை இழுத்துப்போட்டு எனக்கும் ஏசிக்கும் நடுவில் உட்கார்ந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பாட்டு ஓடும்போது மைக்கை அணைத்துவிட்டு அவர்கள் பேசுவார்கள். குரு அவரை சார் என்பாள். சீடர் குருவை மக்களே என்பார். மரியாதையில் இரண்டு பேருக்கும் குறையில்லை.

"சார், உங்களுக்கு என்னத்துக்கு இது?" என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

சார் கொஞ்ச நேரம் ஹெல்மெட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பென்சீன் நடத்தும்போது நான் ஒரு ஜோக் சொல்லுவேன், மக்களே. வேலையில சேர்ந்த வருஷத்துல இருந்து சொல்லுகேன். போன மாசம் நான் வாயத் திறக்கும் முன்னாடியே பிள்ளைகள் சிரிச்சிட்டு. அவங்க அண்ணன்மார் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"ம்."

"நான் அடுத்து என்ன சொல்லுவேன்னு எனக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். சுவருக்குக்கூட தெரியும். இந்தப் பாட்டுல அது ஒருத்தனுக்கும் தெரியல்ல. கேட்டுட்டு வீட்டுக்குப் போனா எனக்கு ராத்திரி நல்லா உறக்கம் வருது."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் வாழை வாடல் நோய்க் குறிப்புகளும் கல்யாணத்துக்கு முன்னால் எழுதியவை.

பெர்சிஸ் சிப்ஸ் பொட்டலத்தை அவர் பக்கம் தள்ளிவைத்தாள்.

சீடர்கள் கேள்வி கேட்பார்கள். இவரும் கேட்டார்.

"மக்களே, இத எப்பிடிக் கேக்கணும்? தாளம் போடலாம்னு பாத்தா கை எங்க விழணும்னே மனசிலாகல்ல."

"அடுத்த வியாழக்கிழமை ஸ்கூட்டர விட்டுட்டு மினி பஸ்ல வாங்க சார்."

"என்னத்துக்கு?"

"வாங்க சார்."

எங்கள் ஊர் மினி பஸ்ஸில் ஏறியவர்களுக்கு நான் விளக்க வேண்டாம். ஏறாதவர்களுக்கு விளக்கினாலும் புரியாது. அந்த வியாழக்கிழமை சாயங்காலம் சார் காலையில் கசங்கிய சட்டையும் கோணிய கண்ணாடியுமாக ஸ்டூடியோவில் வந்து நின்றார்.

"இடம் கிடைச்சுதா சார்?"

"நின்னுட்டேதான் வந்தேன்."

"கம்பி?"

"கம்பிக்கு எட்டல்ல."

"எங்க பிரேக் போடுவான்னு தெரிஞ்சுதா?"

"அது அந்த ஓட்டுனருக்கே தெரியாது, மக்களே."

"விழுந்தீங்களா?"

சார் யோசித்தார். "இல்ல" என்றார். தானே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது.

பெர்சிஸ் ஒரு சி.டி.யை எடுத்துப் போட்டாள். சார் நாற்காலியில் உட்காரவில்லை. கால்களைக் கொஞ்சம் அகட்டி வைத்துக்கொண்டு நடுவில் நின்றே கேட்டார். ஏசிக் காற்று எனக்கு வர ஆரம்பித்தது.

இன்னொரு நாள் அவர் கேட்டார். "தப்பு வந்தா என்ன செய்யணும்?"

"எந்தத் தப்பு சார்?"

"ஏதாவது தப்பு. பொதுவா."

"வரட்டும் சார்."

"வந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காதே. முன்கூட்டியே எழுதி வச்சுகிட்டா நல்லதுல்லா?"

அவள் தூசி துடைக்கப் போய்விட்டாள். சாருக்கு இது பெரிய மனக்குறை. வேதியியலில் எல்லா விபத்துக்கும் என்ன செய்ய வேண்டும் என்று சுவரில் அட்டை மாட்டியிருப்பார்கள்.

மார்ச்சில் ஒருநாள் நாங்கள் மூன்று பேரும் இருக்கும்போது முதல்வர் ஸ்டூடியோவுக்கு வந்தார். அருமைநாயகம் சார் கெட்டவர் இல்லை. எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு, அவ்வளவுதான். மரத்தில் இலை உதிர்ந்தால்கூட மரத்தை ஒரு பார்வை பார்ப்பார்.

"பெர்சிஸ், நீ ஏப்ரல்ல முடிச்சுப் போயிருவ. இந்த நேரத்துக்கு வேலைவாய்ப்பு வழிகாட்டி வைக்கலாம்னு இருக்கேன்."

பெர்சிஸ் முகம் மாறிவிட்டது. எதற்கும் அசையாத பெண். அன்றைக்கு அவளுக்குக் குரல் இறங்கிப்போயிற்று.

"சார், இந்தப் பெட்டி திரும்ப நூலகத்துக்குப் போயிட்டா பிறகு யாரும் திறக்க மாட்டாங்க சார்."

"கேக்க ஆளு இருக்கா?"

"இருக்கேன்" என்றார் தாணுமாலயன் சார். "நடத்தவும் இருக்கேன்."

முதல்வர் அவரை மேலும் கீழும் பார்த்தார். வேதியியல் துறைத் தலைவரிடம் அவர் இதை எதிர்பார்க்கவில்லை. நானும்தான்.

"சரி சார். அடுத்த வியாழக்கிழமை நீங்க தனியா நடத்துங்க. அன்னைக்குத் தாளாளர் வர்றாரு. அவரும் நானும் என் ரூம்ல இருந்து கேக்கோம். நல்லா இருந்தா நடக்கட்டும். இல்லன்னா வேலைவாய்ப்பு. ஆனா பெர்சிஸ் உள்ள இருக்கக் கூடாது. அவ நடத்துனா அது உங்க நிகழ்ச்சி இல்ல."

போகிற போக்கில் கதவருகே நின்று என்னைப் பார்த்து, "இருமல் சுற்றறிக்கை பாத்தீங்கல்லா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன்.

அது என்ன இருமல் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரிப் பண்ணை எந்தக் காலத்திலோ மாணவர்கள் பாடிப் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டாம் சரணத்தில், 'அறிவெனும் சுடரே' என்று முடிகிற இடத்தில், பாடியவர்களில் யாரோ ஒருவர் இருமியிருக்கிறார். யார் என்று யாருக்கும் தெரியாது. பதிவைக் கேட்டுத்தான் ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகள் பண்ணைக் கற்றுக்கொள்கிறார்கள். ஆகவே கல்லூரி முழுவதும் அந்த இடம் வந்தால் இருமும். ஆசிரியர்களும் இருமுவோம். பழைய மாணவர் கூட்டத்தில் தொண்ணூறு வயதுக்காரர்கள்கூட இருமுவார்கள். இருமாவிட்டால் சரணம் முடிந்த மாதிரியே இராது.

அருமைநாயகம் சாருக்கு அது பொறுக்கவில்லை. பண்ணைப் புதிதாக, சுத்தமாக, வயலின் எல்லாம் வைத்துப் பதிவு செய்து விழிப்பிலும் ஏற்றிவிட்டார். இனி யாரும் இருமக் கூடாது என்று சுற்றறிக்கை. அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த இடம் வந்தபோது கல்லூரியே தொண்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சீடர் ஒரு வாரம் தயாரானார். புதன்கிழமை குருவிடம் ஒரு கத்தைத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். நிகழ்ச்சி முழுவதும் எழுதியிருந்தார். எந்தப் பாட்டுக்கு முன்னால் எந்த வாக்கியம், எங்கே நிறுத்தி மூச்சு விடுவது, எல்லாம். 'இங்கே சட்டென்று தோன்றியதுபோல் சொல்லவும்' என்று ஓர் இடம். 'லேசாகச் சிரிக்கவும்' என்று ஓர் இடம். பாட்டு நிற்கும் இடங்களில் 'பொட்டலத்தைக் கசக்கவும்'.

"எப்பிடி இருக்கு, மக்களே?"

பெர்சிஸ் கடைசிப் பக்கம் வரை வாசித்தாள். ஸ்டூடியோ மேஜைக்கு ஒரு கால் குட்டை, எப்போதும் ஆடும். கத்தையை நாலாக மடித்து அந்தக் காலுக்கு அடியில் வைத்தாள். மேஜையை ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

"நல்லா உதவுது சார்" என்றாள்.

சார் முகம் சுண்டிப்போயிற்று. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போனார். குரு சொன்னது விளங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். மறுநாள் வந்தார். அவரிடம் ஜெராக்ஸ் இருந்தது.

வியாழக்கிழமை. பெர்சிஸ் கேன்டீனில் ஒலிபெருக்கிக்கு அடியில் போய் உட்கார்ந்தாள். முதல்வர் அறையில் தாளாளர் வந்தாயிற்று. நான் வாழையை முடித்துவிட்டு என் மூலையில் ஒதுங்கினேன். சாருக்கு ஒரே வெப்ராளம், படபடப்பு. பெஞ்சில் இருந்த துணிப்பையில் சிப்ஸ் இருக்கிறதா என்று மூன்று தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

ஐந்து மணி. சிவப்பு விளக்கு.

"நேயர்களே, வணக்கம். இது 'எங்கே போகுதோ'. எங்கே போகிறது என்று எனக்கும் தெரியாது. லேசாகச் சிரிக்கவும்" என்று வாசித்தார்.

நான் முகத்தை ஏசி பக்கம் திருப்பிக்கொண்டேன்.

கால் மணி நேரம் ஒருவழியாக ஓடியது. பிறகு ஒரு பியானோ, ஒரு பாஸ், ஒரு டிரம்ஸ், மூன்று பேர் வாசிக்கும் பாட்டைப் போட்டார். பாஸ் என்பது ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு பெரிய வயலின் மாதிரி. மூன்று பேரும் வாத்தியத்திலேயே பேசிப் பேசி, குரல் தணிந்து, நிறுத்தினார்கள்.

சார் தாளைப் பார்த்தார். 'பொட்டலத்தைக் கசக்கவும்.' மைக்கைத் திறந்தார். பெஞ்சில் இருந்த பைக்குள் கையை விட்டார்.

கையில் வந்தது மூடி போட்ட எவர்சில்வர் சம்புடம்.

அவருடைய அம்மாவுக்குப் பிளாஸ்டிக் ஆகாது. பொட்டலத்தைப் பார்த்ததும் சிப்ஸை எல்லாம் சம்புடத்தில் கொட்டி, நமுத்துப்போகாமல் மூடியை அழுத்தி அடைத்து அனுப்பியிருக்கிறார். சார் பையை மேலாகத் தொட்டுப் பார்த்தாரே தவிர, என்ன தொடுகிறோம் என்று பார்க்கவில்லை.

சம்புடத்தைக் கசக்க முடியாது. சார் கசக்கிப் பார்த்தார். பிறகு மூடியைத் திறக்கப் பார்த்தார். வரவில்லை. நகம் போட்டு நெம்பினார். சட்டை நுனியால் பிடித்துத் திருகினார். ஏதாவது பேசியிருக்கலாம். ஒரு 'நேயர்களே' போதும். சம்புடத்தைக் குலுக்கியிருந்தால்கூடப் போதும். ஆனால் தாளில் கசக்கவும் என்றுதான் இருந்தது. நான் கையைக் காலை ஆட்டிக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

விழிப்பு விழித்துக்கொண்டது.

வயலின்கள் எழுந்தன. புதுப் பண். நான் எழுந்து நின்றேன். சாரும் எழுந்து நின்றார், சம்புடத்தோடு. ஜன்னல் வழியே கேன்டீன் தெரிந்தது. எல்லாரும் எழுந்துகொண்டிருந்தார்கள். பெர்சிஸும் எழுந்தாள்.

போயிற்று என்று நினைத்தேன். வேலைவாய்ப்புதான் இனி. உண்மையைச் சொன்னால் எனக்கு வருத்தமாக இருந்தது, ஏசிக்காக இல்லை. சார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

முதல் சரணம் முடிந்தது. இரண்டாம் சரணம். 'அறிவெனும் சுடரே.'

அந்த இடத்தில் பாட்டு ஒரு கணம் நின்றது. இருமலுக்காகவே விட்ட இடம் மாதிரி காலியாகக் கிடந்தது.

சார் இருமினார்.

மைக் திறந்திருந்தது. சாருக்கு மறந்துபோயிருந்தது. ஒலிபெருக்கி எல்லாவற்றிலும் அந்த இருமல் போனது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு கேன்டீனிலிருந்து ஒரு பெரிய இருமல் வந்தது. நூலகத்திலிருந்து ஒன்று. விடுதிப் பக்கமிருந்து ஒன்று, கொஞ்சம் தாமதமாக. திங்கட்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் வந்தது.

சார் கண்ணைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி ஒரு தடவை இருமினார், இந்தத் தடவை சின்னதாக, கேட்டுப் பார்க்கிற மாதிரி. கேன்டீன் சின்னதாகத் திருப்பி இருமியது. அவர் இரண்டு இருமினார். இரண்டு வந்தது. பண் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சார் சம்புடத்தின் மூடியில் விரலால் தட்ட ஆரம்பித்தார். இருமல், தட்டு தட்டு, இருமல். கால்களை அகட்டி வைத்து நின்றிருந்தார். எனக்கு மினி பஸ் ஞாபகம் வந்தது.

பண் முடிந்தது. அதற்குள் அந்த மூன்று பேரும் மறுபடி வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள் போல. பாஸ் வந்து நேராக அவருடைய தட்டலில் சேர்ந்துகொண்டது. சார் பாட்டு முடியும்வரை சம்புடத்தை விடவில்லை. நானும் பெஞ்சில் இரண்டு தட்டு தட்டினேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முடிந்ததும் அவர் தாளைத் தேடவில்லை.

"நேயர்களே, இப்ப நீங்க கேட்டதுல பியானோ, பாஸ், டிரம்ஸ் மூணு பேரு வாசிச்சாங்க" என்றார். மூச்சு வாங்கியது. "இருமல், நாம எல்லாரும்."

ஆறு மணிக்கு முதல்வர் வந்தார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பெர்சிஸ் அவருக்கு முன்னாலேயே ஓடி வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"சார், மன்னிச்சிரணும்" என்று தொடங்கினார் தாணுமாலயன் சார்.

"இருங்க. தாளாளர் இங்க படிச்சவரு. தெரியும்லா?"

"தெரியும்."

"பண் கேட்டதும் எழும்பினாரு. நல்லா இருக்கு, வயலின் எல்லாம் நல்லா இருக்குன்னாரு. அந்த இடம் வந்ததும் அவருபாட்டுக்கு இருமிட்டு என்னைப் பாத்தாரு. பாட்டுல இருமல் இல்ல. 'எங்க?'ன்னு கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல? அதுக்குள்ள ரேடியோவுல உங்க இருமல்." முதல்வர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "பிறகு எனக்கும் வந்துட்டு."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"நிகழ்ச்சி நடக்கட்டும். தாளாளருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வாராவாரம் இருமல் வேணும்னு சொல்லிட்டாரு. அஞ்சரை மணிக்குன்னு வச்சுக்கோங்க. அவரு வீட்டுல இருந்து கேப்பாரு. நேரம் தவறக் கூடாது."

"சரி சார்" என்றார் சீடர். உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டார். 'ஐந்தரை, இருமல்.'

பெர்சிஸ் அந்த உள்ளங்கையைப் பார்த்தாள்.

அடுத்த வியாழக்கிழமை அவளுக்குக் கடைசி நாள். அடுத்து பரீட்சை, அதோடு ஊர். சார் அவளை விருந்தினராக உட்காரவைத்துப் பேட்டி எடுப்பதாக ஏற்பாடு. புதுத் தாள் கொண்டுவந்திருந்தார். இருமலுக்கு மட்டும் சிவப்பு மை. இருமல், இரண்டு சின்ன இருமல், மூடியில் தட்டு தட்டு, இருமல். சம்புடமும் வந்திருந்தது. கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம். புது ஜோக் கிடைத்துவிட்டது அவருக்கு. ஓய்வு பெறும்வரை போதும்.

பாட்டுகள் ஓடின. பேட்டியும் ஓடியது. ஐந்தரை நெருங்க நெருங்க ஜன்னல் வழியே பார்த்தேன். கேன்டீனில் பிள்ளைகள் டீயைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் சரி செய்துகொண்டிருந்தார்கள். தாளாளர் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பாட்டு முடிந்தது. சார் மைக்கைத் திறந்தார். தாளைக் கையில் எடுத்தார்.

பெர்சிஸ் கையை நீட்டி அதை வாங்கினாள். நாலாக மடித்தாள். மேஜையின் இன்னொரு காலும் குட்டைதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மக்களே" என்றார் சார். வானொலியில்தான் பேசுகிறோம் என்பதை அவர் மறக்கவில்லை, ஆனால் அவருக்கு வேறு வழியில்லை. "அன்னைக்கு நான் இருமினேனே, அது வேணும்னு இருமினதா, தன்னால வந்ததா? எனக்கு இன்னும் மனசிலாகல்ல."

"நல்லா இருந்துச்சு சார்."

"அப்ப இன்னைக்கும் அதையே செஞ்சா என்ன?"

"அது போன வாரம் சார்."

"எல்லாரும் காத்துகிட்டு இருக்காங்களே, மக்களே. அஞ்சரைக்கு நான் என்ன செய்யணும்?"

பெர்சிஸ் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எனக்கு எப்பிடி சார் தெரியும்? அஞ்சரை இன்னும் ஆகல்லையே."

அவளுக்குப் பின்னால் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சீடர் மைக்கைப் பார்த்தார். சம்புடத்தைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன், ஏழு விநாடி ஆகியிருந்தது.

நான் எதற்கும் இருக்கட்டும் என்று எழுந்து நின்றுகொண்டேன்.